பட்டதும் தொட்டதும்

'பந்து கையில் பட்டது' என்பது ஒரு வாக்கியம். 'பந்தைக் கையால் தொட்டான்' என்பது இன்னொன்று. முதல் வாக்கியத்தில் குற்றவாளி என்று எவரும் இல்லை. பந்து வந்தது, கை இருந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். இரண்டாவதில் ஓர் ஆள் இருக்கிறான், அவனுக்கு ஓர் எண்ணமும் இருக்கிறது. கால்பந்தில் ஹேண்ட்பால் பற்றிய வாதம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் நடக்கிறது. கோப்பை இறுதியாட்டம் முடிந்த இரவில், எந்த அணி நன்றாக ஆடியது என்ற பேச்சு சீக்கிரம் அடங்கிவிடும். அந்தக் கை அந்த இடத்தில் ஏன் இருந்தது என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் அடங்குவதில்லை. காணொளி நடுவர் வந்தால் அது அடங்கிவிடும் என்று பலரும் நம்பினார்கள். அது ஏன் அடங்கவில்லை என்பதை அறிய, கைக்கும் பந்துக்கும் உள்ள உறவைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

கால்பந்து பிறந்தபோதே கை முழுதாக விலக்கப்பட்டுவிடவில்லை. 1863இன் இறுதியில் லண்டனின் ஃப்ரீமேசன்ஸ் விடுதியில் கூடி இங்கிலாந்துக் கால்பந்து சங்கத்தார் எழுதிய முதல் 13 விதிகளின்படி, பறந்து வரும் பந்தைக் கையால் பிடிக்கலாம்; பிடித்தவருக்கு ஃப்ரீ கிக்கும் உண்டு. ஆனால் பந்தைக் கையில் ஏந்தி ஓடக் கூடாது, கையால் எறியக் கூடாது, ஆட்டத்தில் உள்ள பந்தைத் தரையிலிருந்து கையால் எடுக்கக் கூடாது. அடுத்த சில ஆண்டுகளில் பிடிப்பதும் போயிற்று. 1871இல் கோல்கீப்பர் என்ற தனி ஆளை விதி முதன்முறையாகக் குறிப்பிட்டு, மற்ற எல்லோரிடமும் பறித்த உரிமையை அவர் ஒருவருக்கு மட்டும் கொடுத்தது. அவரும் பெனால்டி பகுதிக்குள் மட்டுமே கையைப் பயன்படுத்தலாம் என்ற வரம்பு 1912இல் வந்தது. கையைப் படிப்படியாக விலக்கித்தான் இந்த ஆட்டம் தன் உருவத்தை அடைந்தது. அதனால் ஹேண்ட்பால் பத்தோடு பதினொன்றான தவறாக ஒருநாளும் கருதப்பட்டதில்லை. காலை வாரிவிடுவது எதிராளிக்குச் செய்யும் தீங்கு. கையால் தொடுவது ஆட்டத்துக்கே செய்யும் துரோகம் என்ற எண்ணம் அன்றிலிருந்து ரசிகர் மனத்தில் ஊறியிருக்கிறது.

தொட்டவனுக்கு என்ன தண்டனை என்ற கேள்வி ஓர் அநியாயத்தால் கூர்மை பெற்றது. 1891 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் நாட்ஸ் கவுண்ட்டியும் ஸ்டோக்கும் மோதின. நாட்ஸ் 1–0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் கோலுக்குள் போய்க்கொண்டிருந்த பந்தை நாட்ஸ் தடுப்பாட்டக்காரர் ஒருவர் கோட்டின் மேல் நின்று கையால் தட்டிவிட்டார். அன்றைய விதிப்படி ஸ்டோக்குக்குக் கிடைத்தது கோட்டை ஒட்டிய இடத்தில் ஒரு ஃப்ரீ கிக். எதிரணியினர் கோலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பந்து உள்ளே போக வழியே இல்லை. நாட்ஸ் வென்று இறுதியாட்டம்வரை போனது. கோலுக்கு எதிரே 12 கெஜத்தில் ஒரு உதை, தடுக்கக் கோல்கீப்பர் ஒருவர் மட்டும் என்ற யோசனையை அயர்லாந்தின் மில்ஃபோர்டு ஊர்க் கோல்கீப்பர் வில்லியம் மெக்ரம் அதற்கு முந்தைய ஆண்டே முன்வைத்திருந்தார். கனவான்கள் வேண்டுமென்றே தவறு செய்வார்கள் என்று ஒரு விதி நினைப்பதே அவமதிப்பு என்று சொல்லி அதைத் தள்ளியிருந்தார்கள். 1891 ஜூன் 2 அன்று அதுவே விதியாயிற்று. பெனால்டியின் பிறப்பில் ஒரு கை இருக்கிறது; அது வேண்டுமென்றே நீட்டப்பட்ட கை. தண்டனை இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணமும் அந்த 'வேண்டுமென்றே'தான்.

இந்தச் சொல் நெடுங்காலம் விதியின் உயிராக இருந்தது. 2019வரை வழக்கில் இருந்த வாசகத்தின்படி, ஆட்டக்காரர் தன் கையாலோ புயத்தாலோ வேண்டுமென்றே பந்தைத் தொட்டால்தான் ஹேண்ட்பால். அதை முடிவு செய்ய நடுவர் மூன்றைக் கவனிக்க வேண்டும்: கை பந்தை நோக்கிப் போனதா அல்லது பந்து கையை நோக்கி வந்ததா; பந்து எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது, எதிர்பாராமல் வந்ததா; கை இருந்த நிலை. கை ஏதோ ஓர் இடத்தில் இருந்தது என்பதாலேயே அது தவறாகிவிடாது என்றும் விதி சேர்த்துச் சொன்னது. நடுவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ஒரு மனத்தை. ஓட்டமும் மூச்சுமாக இருக்கும் ஒருவரின் எண்ணத்தை, 20 மீட்டர் தள்ளி நிற்கும் இன்னொருவர், ஒரே பார்வையில் படித்தாக வேண்டும்.

அந்தப் பார்வை தவறிய நாட்கள் கால்பந்தின் நினைவில் ஆறாத புண்களாக இருக்கின்றன. 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரத்தின் அஸ்டெகா அரங்கில், உலகக் கோப்பைக் காலிறுதியின் 51ஆவது நிமிடத்தில், இங்கிலாந்து கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனைவிடக் குள்ளமான அர்ஜென்டினாவின் மரடோனா அவருக்கு மேலே எழும்பி இடது கையால் பந்தைத் தட்டி உள்ளே அனுப்பினார். துனீசிய நடுவர் அலி பென்னாசூர் பல்கேரிய உதவி நடுவர் தோச்செவைப் பார்த்தார்; அங்கிருந்து கொடி எழவில்லை; கோல் நின்றது. இருவரில் யார் பார்த்திருக்க வேண்டும் என்பது பின்னர் அவ்விருவருக்கும் இடையே தீராத மனக்கசப்பாயிற்று. 2009 நவம்பர் 18 அன்று பாரிஸை ஒட்டிய அரங்கில், உலகக் கோப்பைக்கான கடைசித் தகுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில், பிரான்ஸின் தியரி ஹென்றி வெளியே போகவிருந்த பந்தைக் கையால் அணைத்துக் காலுக்குக் கொண்டுவந்து வில்லியம் கல்லாஸுக்குக் கொடுத்தார். கல்லாஸ் கோல் அடித்தார், அயர்லாந்து வெளியேறியது. ஆட்டம் முடிந்ததும் ஹென்றி அயர்லாந்தின் ரிச்சர்டு டன்னுக்கு அருகே புல்தரையில் போய் உட்கார்ந்தார். கை பட்டதை அவர் மறைக்கவில்லை. மறு ஆட்டம் வேண்டும் என்ற அயர்லாந்தின் கோரிக்கையை ஃபிஃபா மறுத்தது. அயர்லாந்துச் சங்கத்துக்கு ஃபிஃபா 50 லட்சம் யூரோ கொடுத்தது என்ற செய்தி 2015இல் வெளிவந்தது. இரண்டு நிகழ்விலும் கோடிக்கணக்கானவர்கள் தொலைக்காட்சியில் கையைப் பார்த்தார்கள். பார்க்காதவர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஒருவர்தான். இந்த முரண்தான் காணொளி நடுவரைக் கொண்டுவந்தது.

இதற்கு நடுவே நடந்த ஒன்று, சரியாகப் பார்ப்பது மட்டும் நியாயமாகிவிடாது என்பதை முன்கூட்டியே காட்டியது. 2010 ஜூலை 2 அன்று ஜோஹனஸ்பர்கில் கானாவும் உருகுவேயும் மோதிய காலிறுதி. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கோலுக்குள் புகுந்துகொண்டிருந்த தலைமுட்டுப் பந்தை உருகுவேயின் லூயிஸ் சுவாரஸ் கோட்டில் நின்று இரு கைகளாலும் தடுத்தார். நடுவர் பார்த்தார், சிவப்பு அட்டை காட்டினார், பெனால்டி கொடுத்தார். விதிப்படி ஒரு குறையும் இல்லை. அசமோவா ஜியான் உதைத்த பந்து மேல்கம்பத்தில் பட்டு மேலே போனது. பெனால்டி வரிசையில் உருகுவே 4–2 என்று வென்றது. உலகக் கோப்பை அரையிறுதியை எட்டும் முதல் ஆப்பிரிக்க அணியாகும் வாய்ப்பைக் கானா இழந்தது. 1891இல் ஸ்டோக்குக்கு நேர்ந்தது ஒரு நூற்றாண்டு கடந்து கானாவுக்கும் நேர்ந்தது. இத்தனைக்கும் இடையில் பெனால்டி என்ற விதி வந்துவிட்டிருந்தது.

விதிகளை வைத்திருப்பது 1886இல் தொடங்கிய சர்வதேசக் கால்பந்து சங்க வாரியம். பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கும் தலைக்கு ஒரு வாக்கு, ஃபிஃபாவுக்கு நான்கு வாக்கு. எட்டில் ஆறு இருந்தால்தான் ஒரு விதி மாறும். இரண்டாண்டுச் சோதனைக்குப் பின் 2018 மார்ச்சில் இந்த வாரியம் காணொளி நடுவரை விதிநூலில் சேர்த்தது. வி.ஏ.ஆர். என்று உலகம் அழைக்கும் இந்த முறை அப்போதைய விதிப்படி நான்கு விஷயங்களில் மட்டும் தலையிடலாம்: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுவது. அதிலும் தெளிவான, வெளிப்படையான தவறு இருந்தால்தான், அல்லது பெரிய நிகழ்வு ஒன்று நடுவர் கண்ணில் படாமல் போயிருந்தால்தான் தலையிட வேண்டும். கடைசி முடிவு களத்தில் நிற்கும் நடுவருடையது. காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்ப்பதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பந்து எந்த இடத்தில் பட்டது போன்ற உண்மைகளை அறிய மெதுவான காட்சியைப் பார்க்கலாம். அது ஹேண்ட்பால் குற்றமா என்று முடிவு செய்ய இயல்பான வேகத்தில் பார்க்க வேண்டும். பட்டதை மெதுவாகப் பார்க்கலாம், தொட்டதை வேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்று விதியே வகுத்து வைத்திருக்கிறது. இவ்வளவு நுட்பமான ஒரு வரி அந்த நூலில் இருக்கிறது என்பது பெரும்பாலான ரசிகர்களுக்குத் தெரியாது.

நான்கு மாதம் கழித்து, 2018 ஜூலை 15 அன்று, இந்த வரி மிகப் பெரிய மேடையில் சோதிக்கப்பட்டது. மாஸ்கோவின் லுஷ்னிகி அரங்கில் பிரான்ஸும் குரோஷியாவும் ஆடிய உலகக் கோப்பை இறுதியாட்டம் அது. காணொளி நடுவர் இருந்த முதல் உலகக் கோப்பை இறுதியும் அதுவே. 18ஆவது நிமிடத்தில் கிரீஸ்மான் அடித்த ஃப்ரீ கிக் குரோஷியாவின் மான்சுகிச் தலையில் பட்டு அவர்கள் கோலுக்குள்ளேயே போனது. 28ஆவது நிமிடத்தில் இவான் பெரிசிச் இடது காலால் அடித்துச் சமன் செய்தார். பிறகு பிரான்ஸுக்கு ஒரு கார்னர். பந்து அருகிலிருந்த கம்பத்தை நோக்கித் தாழ்வாக வந்தது. பிரான்ஸின் மத்துய்தி எழும்பினார்; பந்து அவர் தலைக்குச் சிக்கவில்லை. அவருக்கு ஓரடி பின்னால் நின்ற பெரிசிச்சின் இடது கையில் பட்டுப் பந்து வெளியே போனது. பிரான்ஸ் ஆட்டக்காரர்கள் கையைத் தூக்கிக் கத்தினார்கள். அர்ஜென்டினா நடுவர் நெஸ்டர் பிடானா முதலில் பெனால்டி கொடுக்கவில்லை.

பிறகு காதில் இருந்த கருவியில் அழைப்பு வந்தது. பிடானா களத்தின் ஓரத்துக்கு ஓடிப்போய்த் திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் களத்துக்குத் திரும்ப நகர்ந்தார். நகர்ந்தவர் மறுபடி திரைக்கே போனார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு வந்து பெனால்டியைக் காட்டினார். கிரீஸ்மான் பதறாமல் உதைத்தார், கோல்கீப்பர் சுபாசிச் எதிர்ப்பக்கம் பாய்ந்தார், பிரான்ஸ் 2–1. ஆட்டம் 4–2 என்று முடிந்தது. போக்பாவும் எம்பாப்பேயும் பிற்பாதியில் அடித்த கோல்கள் பிரான்ஸின் வெற்றியை ஐயத்துக்கு இடமில்லாமல் ஆக்கின. ஆனாலும் அன்றிரவு பேசப்பட்டது திரைக்கும் களத்துக்கும் நடுவே பிடானா திரும்பி நடந்த அந்தச் சில அடிகளைத்தான். அந்த அடிகளில் அவருடைய தயக்கம் முழுவதும் இருந்தது. தெளிவான, வெளிப்படையான தவறு என்றால் ஒருவர் ஏன் இரண்டாம் முறை போய்ப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்குக் குரோஷியர்கள் இன்றுவரை விடை கேட்கிறார்கள்.

இரு பக்கத்து வாதமும் கனமானது. பெனால்டி சரி என்றவர்கள், கை உடம்பிலிருந்து விலகியிருந்தது, பந்து வந்த நொடியில் கீழ்நோக்கி அசைந்தது, கை இல்லாவிட்டால் பந்து பிரான்ஸ் ஆட்டக்காரர் ஒருவருக்குப் போயிருக்கலாம் என்றார்கள். தவறு என்றவர்கள், மத்துய்தி முன்னால் எழும்பியதால் பெரிசிச்சுக்குப் பந்து தெரியவே வாய்ப்பில்லை, ஓரடி இடைவெளியில் கையை விலக்க எவராலும் முடியாது, பந்துதான் கையை நோக்கி வந்தது என்றார்கள். முதல் தரப்பு கை இருந்த இடத்தைப் பேசியது, இரண்டாம் தரப்பு கைக்கு உரியவனின் மனத்தைப் பேசியது. உலகக் கோப்பை இறுதியில் இப்படியொரு பெனால்டி கொடுக்கலாகாது என்பதே குரோஷியப் பயிற்சியாளர் ஸ்லாட்கோ டாலிச்சின் சுருக்கமான முறையீடு. இன்னொன்றும் அவர்களை உறுத்தியது. முதல் கோலுக்கு வழிவகுத்த ஃப்ரீ கிக்கே சரியானதல்ல, கிரீஸ்மான் லேசாக உரசியதற்கே விழுந்துவிட்டார் என்று பலர் கருதினார்கள். ஆனால் ஃப்ரீ கிக் அந்த நான்கு விஷயங்களில் ஒன்றல்ல. அதைத் திரையில் பார்க்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஒரே ஆட்டத்தில் ஒரு சந்தேகம் நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்பட்டது, இன்னொன்று கண்ணெடுத்தும் பார்க்கப்படவில்லை. அந்த உலகக் கோப்பையில் மொத்தம் 29 பெனால்டிகள் கொடுக்கப்பட்டன. அதற்கு முன் ஒரு போட்டித் தொடரில் 18க்கு மேல் போனதில்லை.

மெதுவான காட்சி மனிதத் தீர்ப்பை எப்படித் திருப்புகிறது என்பதைக் கால்பந்துக்கு வெளியே ஆராய்ந்திருக்கிறார்கள். யூஜின் கருசோ உள்ளிட்ட மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செயலை மெதுவாக ஓட்டிக் காட்டினால் அதைச் செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று பார்ப்பவர் நம்புவது கூடுகிறது என்றது. நீதிமன்றத்தில் காட்டப்பட்ட துப்பாக்கிச்சூட்டுக் காட்சியோடு, விளையாட்டுக் களத்து மோதல் ஒன்றையும் அவர்கள் காட்டிச் சோதித்தார்கள். காரணம் எளிது. காட்சி நீளும்போது, செய்தவருக்கும் யோசிக்க அவ்வளவு நேரம் இருந்தது என்று பார்ப்பவர் மனம் எண்ணிக்கொள்கிறது. அரை நொடியில் நடந்தது ஐந்து நொடி திரையில் ஓடினால், அந்த ஐந்து நொடியிலும் கையை விலக்காதவன் குற்றவாளியாகத் தெரிகிறான். நடுவர் இயல்பான வேகத்தில் பார்த்தாலும் வீட்டில் இருப்பவர் பார்ப்பது பெரும்பாலும் மெதுவான காட்சியைத்தான். ரசிகர் வாதத்தின் சூட்டுக்குப் பாதிக் காரணம் இதில் இருக்கிறது: ஒரே நிகழ்வை ஆளுக்கொரு வேகத்தில் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

காமிராவால் எண்ணத்தைப் பார்க்க முடியாது என்பது தெரிந்ததும் விதி எழுதுபவர்கள் எடுத்த வழி, காமிராவால் பார்க்க முடிந்ததை வைத்து விதியைத் திருத்துவது. 2019 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் கூடிய வாரியம் ஹேண்ட்பால் வாசகத்தை மாற்றி எழுதியது. வேண்டுமென்றே தொடுவது தவறு என்பது நின்றது. அதோடு புதிய அளவுகோல்கள் சேர்ந்தன. கை உடம்பை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கினால் தவறு. தோளுக்கு மேலே உயர்ந்திருந்தால் பெரும்பாலும் தவறு. தாக்கும் அணியினர் கையில் தற்செயலாகப் பட்டாலும், அதிலிருந்து கோல் வந்தால் கோல் செல்லாது. அடுத்த ஆண்டு, கை எங்கே தொடங்குகிறது என்பதற்கும் எல்லை போட்டார்கள்: அக்குளின் அடிமட்டம். எண்ணம் இருந்த இடத்தில் உடம்பின் அளவு வந்து உட்கார்ந்தது. பட்டதும் தொட்டதும் ஒன்றாயின.

அதன் கசப்பு உடனே தெரிந்தது. விதி மாறும் தறுவாயில், 2019 ஜூன் 1 அன்று மாட்ரிட்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில், ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகாதபோது லிவர்பூலின் சாடியோ மானே அனுப்பிய பந்து டாட்டன்ஹாமின் மூசா சிசோகோவின் மார்பை ஒட்டிப் பட்டு நீட்டிய கையில் உரசியது. சக ஆட்டக்காரருக்கு இடத்தைச் சுட்டிக்காட்டவே அவர் கையை நீட்டியிருந்தார். நடுவர் பெனால்டி கொடுத்தார், காணொளி நடுவர் அதை மாற்றவில்லை. சாலா அடித்தார்; லிவர்பூல் 2–0 என்று கோப்பையை வென்றது. ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டி டாட்டன்ஹாமுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் அடித்த வெற்றி கோல் செல்லாமல் போனது. லாபோர்ட்டின் புயத்தில் பந்து தற்செயலாக உரசியிருந்தது. அரங்கில் யாரும், டாட்டன்ஹாம் ஆட்டக்காரர்கள்கூட, அதற்காக முறையிட்டிருக்கவில்லை. எவருக்கும் உறைக்காத ஒரு தவறை இயந்திரம் கண்டுபிடித்தது.

விதி பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கியது. தற்செயலாகப் பட்ட உடனே கோல் வந்தால்தான் செல்லாது என்று 2020இல் சுருக்கினார்கள். 2021 மே 15 அன்று வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதி அந்த 'உடனே' என்ற சொல்லின் மேல் வந்து நின்றது. லெஸ்டர் சிட்டியின் டீலமான்ஸ் 63ஆவது நிமிடத்தில் வெகுதூரத்திலிருந்து மேல்மூலைக்குள் அடித்த கோலுக்குச் சற்று முன்னால், பந்து லெஸ்டரின் அயோசி பெரேஸின் கையில் பட்டது என்று செல்சி ரசிகர்கள் கொதித்தார்கள். பட்டிருந்தாலும், அதற்குப் பின் ஒரு பாஸ் நடந்து, டீலமான்ஸ் பந்தோடு ஓடிவந்து அடித்ததால் அது 'உடனே' ஆகாது என்பது லெஸ்டர் பக்கத்து விடை. ஆட்டம் முடியும் நேரத்தில் செல்சி போட்ட கோல் ஆஃப்சைடு என்று காணொளி நடுவரால் நீக்கப்பட்டது. லெஸ்டர் 1–0 என்று வென்று, நான்கு இறுதிகளில் தோற்றபின் முதன்முறையாக அந்தக் கோப்பையைத் தூக்கியது. சக ஆட்டக்காரர் கையில் தற்செயலாகப் படுவது தவறே அல்ல என்று வாரியம் அதற்கு முன்பே முடிவெடுத்து, ஜூலை முதல் நடைமுறைக்கு வரக் காத்திருந்தது. செல்சி ரசிகர்கள் சண்டை போட்டது ஆறு வாரத்தில் சாகவிருந்த ஒரு விதிக்காக.

அளவு கூர்மையானால் அமைதி வரும் என்ற எதிர்பார்ப்பை 2024 யூரோ கோப்பை முற்றாகத் தகர்த்தது. ஜூன் 29 அன்று டார்ட்மண்டில் ஜெர்மனிக்கு எதிராக டென்மார்க்கின் ஜோகிம் ஆண்டர்சன் போட்ட கோல், சக ஆட்டக்காரரின் கால்நுனி ஆஃப்சைடு என்று நீக்கப்பட்டது. சில நிமிடத்தில் அதே ஆண்டர்சனின் கையில் பந்து உரசியதைப் பந்துக்குள் இருந்த உணர்வி பதிவு செய்தது. இதயத்துடிப்பு வரைபடம்போல ஒரு கோடு திரையில் துள்ளியது. பெனால்டி, ஹாவெர்ட்ஸ் அடித்தார், ஜெர்மனி வென்றது. ஆறு நாள் கழித்து ஸ்டுட்கார்ட்டில் ஸ்பெயினுக்கு எதிராக முசியாலா அடித்த பந்து குக்குரேயாவின் இடது கையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியப் பட்டது. நடுவர் ஆன்டனி டெய்லர் பெனால்டி கொடுக்கவில்லை. ஸ்பெயின் 2–1 என்று வென்றது. அதே ஜெர்மனி, அதே விதி, ஒரே வாரம். முதல் கையில் பந்து பட்டதா என்பதை அறியவே கருவி தேவைப்பட்டது, இரண்டாவது கையில் பட்டதைக் குழந்தையும் பார்த்தது. ஸ்பெயின் ஆடிய அடுத்த ஆட்டங்களில் குக்குரேயா பந்தைத் தொட்டபோதெல்லாம் ஜெர்மானிய ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். பெர்லின் இறுதியில் வெற்றி கோலுக்குப் பந்தைக் கொடுத்தவரும் அவர்தான். பல வாரம் கழித்து, அது பெனால்டியாகவே இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் நடுவர் குழு வந்தது. அதற்குள் கோப்பை மாட்ரிட்டுக்குப் போய்விட்டிருந்தது.

ரசிகர்களின் இந்த வாதங்களைத் தோற்றவர்களின் புலம்பல் என்று ஒதுக்குவது தவறு. அவற்றுக்குள் இரண்டு பழைய நியாயங்கள் மோதுகின்றன. செயலின் விளைவைப் பார்த்துத் தண்டிக்க வேண்டும் என்பது ஒன்று: கோலைத் தடுத்தது கை, யார் கை, ஏன் வந்தது என்பது வேண்டாம். செய்தவனின் நோக்கத்தைப் பார்த்துத் தண்டிக்க வேண்டும் என்பது இன்னொன்று. நீதிமன்றங்களும் பஞ்சாயத்துகளும் காலங்காலமாக இந்த இரண்டையும் எடைபோட்டுத்தான் தீர்ப்புச் சொல்லிவந்திருக்கின்றன. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நண்பர்கள் கூடிக் கையை உயர்த்தியும் தாழ்த்தியும் நடித்துக் காட்டி வாதாடும்போது, அவர்கள் சட்டத்தின் மிகப் பழைய கேள்வியை விவாதிக்கிறார்கள். விதி 2020இலும் 2021இலும் பின்வாங்கியதற்கு, ஆட்டம் பார்ப்பவரின் நியாய உணர்வு அதை ஏற்க மறுத்ததும் ஒரு காரணம். 2024இல், வேண்டுமென்றே அல்லாத ஹேண்ட்பாலால் தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்தால், பெனால்டியோடு மஞ்சள் அட்டை போதும், சிவப்பு வேண்டாம் என்று வாரியம் மாற்றியது. நோக்கம் மறுபடி விதிக்குள் காலெடுத்து வைத்தது.

வாதம் எல்லை கடந்த இடமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2023 மே 31 அன்று புடாபெஸ்டில் செவியாவும் ரோமாவும் ஆடிய யூரோப்பா லீக் இறுதியில், செவியாவின் ஃபெர்னாண்டோ கையில் பந்து பட்டதற்கு ரோமா கேட்ட பெனால்டி கிடைக்கவில்லை. ஆட்டம் 1–1, பெனால்டி வரிசையில் செவியா வென்றது. ரோமாவின் பயிற்சியாளர் மொரின்யோ அரங்கின் வண்டி நிறுத்துமிடத்தில் நடுவரை வசைபாடினார். அதற்காக நான்கு ஆட்டங்களுக்குத் தடை பெற்றார். மறுநாள் விமான நிலையத்தில் ரசிகர் கூட்டம் ஒன்று அந்த நடுவரையும் அவர் குடும்பத்தாரையும் சூழ்ந்துகொண்டு கத்தியது. நாற்காலி ஒன்று பறந்தது. இயந்திரம் வந்தபின் நடுவரின் தவறுக்கு மன்னிப்புக் குறைந்திருக்கிறது. முன்பு, அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று சொல்லி ஆறலாம். இப்போது, திரையில் பார்த்தும் கொடுக்கவில்லையே என்ற ஆத்திரம் மிஞ்சுகிறது.

இதற்கு மருந்து இன்னும் கூர்மையான காமிராவில் இல்லை. காரணத்தைச் சொல்வதில் இருக்கிறது. 2023 ஜூலை 20 அன்று ஆக்லாந்தில் மகளிர் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ஜப்பானிய நடுவர் யோஷிமி யமாஷிதா திரையைப் பார்த்துவிட்டு வந்து, ஒலிபெருக்கி வழியாக அரங்கம் முழுவதற்கும் தன் முடிவை அறிவித்தார். நார்வே ஆட்டக்காரர் கையில் பந்து பட்டதால் நியூசிலாந்துக்குப் பெனால்டி என்பதே அந்த அறிவிப்பு. உதைத்த பந்து மேல்கம்பத்தில் பட்டு வீணாயிற்று. ஆனாலும் ஒரு நடுவர் தன் வாயால் காரணம் சொன்னதை மக்கள் கேட்டார்கள். தீர்ப்பைக் கேட்டவர்கள் அதை ஏற்காமல் போகலாம், ஆனால் அதைச் சொன்னவரை ஒரு மனிதராகப் பார்ப்பார்கள். விதிநூல் செய்ய வேண்டியவை மூன்று: தற்செயலை மன்னிக்கும் பழைய வாசகத்தைத் தெளிவாகத் திருப்பிக் கொடுப்பது, திரையில் இயல்பான வேகத்தையே முதலில் காட்டுவது, காரணத்தை அரங்குக்குச் சொல்வது. ரசிகர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாதத்தைக் கையோடு நிறுத்திக்கொள்வது, நடுவரின் வீட்டு வாசல்வரை கொண்டுபோகாமல் இருப்பது. பந்து கையில் பட்டதா என்பதைக் காமிரா சொல்லட்டும். தொட்டானா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.